நீலமும் வேண்டாம், ஜப்பான் இஞ்சினும் வேண்டாம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகள் தாரணிக்கு,

இங்கே இருவரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் இருக்கிறது. அதுவும் காருக்கு அடியில் படுத்து எழுந்தால் வலிப்பதில்லையாம், தண்ணீர்மலைக் கோவில் படி ஏறினால்தான் வலிக்கிறதாம். நம்பிக்கொள்.

தாத்தாவின் பழைய காரைப் புதுப்பிப்பது பற்றிய உன் இரண்டு யோசனைகளையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் இஞ்சினும் குளிர்சாதனமும் வைக்கப் பணம் அனுப்புவதாக எழுதியிருந்தாய். காரைத் தாத்தா அடித்த அதே நீலத்தில் அடிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அப்பா இரண்டுக்கும் தலையாட்டினார். நீ கேட்டால் அவர் எதற்கும் தலையாட்டுவார். அதனால்தான் பதிலை நான் எழுதுகிறேன். இரண்டும் வேண்டாம்.

முதலில் இஞ்சின். நம் மோரிஸ் மைனர் 1959ஆம் ஆண்டுக் கார். அதில் இருக்கும் 948 சிசி இஞ்சின், அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த அதே இஞ்சின். பழைய பல்துலக்கியால் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுத்து, டார்ச் அடித்து, இஞ்சின் தகட்டில் உள்ள எண்ணைக் கெரானில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக நானே ஒத்துப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் அலுவலகக் கணக்குப் பார்த்தவள் நான். எண் சரியாக இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். இந்த வயதுக் காரில் இஞ்சினும் கெரானும் ஒத்துப்போவது சாதாரண விஷயம் இல்லை.

ஜப்பான் இஞ்சின் வைத்தால் கியர் பெட்டியும் மாற வேண்டும். கியர் பெட்டி மாறினால் அது உட்காரும் இடத்தில் தகரத்தை வெட்ட வேண்டும். இப்போது இருப்பது 37 குதிரைத்திறன்; நான்கு சக்கரத்திலும் இருக்கும் டிரம் பிரேக் அதற்கு அளவானது. வேகம் கூடினால் பிரேக்கையும் மாற்ற வேண்டும். பிறகு புஸ்பாகோம் நிலையத்தில் வாகனச் சோதனை, சாலைப் போக்குவரத்துத் துறையில் கெரான் திருத்தம். கடைசியில் நம் வீட்டு வாசலில் நிற்பது மோரிஸ் சட்டை போட்ட வேறு ஏதோ ஒரு கார். குளிர்சாதனம் பற்றி நீ கவலைப்படாதே. முன்கதவில் உள்ள முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஜெலுத்தோங் நெரிசலில் நின்றுகொண்டிருந்தால் அடிக்காது, அது உண்மைதான். அப்போது விசிறிக்கொள்கிறேன்.

நான் அப்பாவுக்குப் போட்டிருக்கும் விதி ஒன்றுதான்: வெட்டக் கூடாது, துளைக்கக் கூடாது. எதைச் சேர்த்தாலும் நாளைக்கு ஸ்பேனரால் கழற்றி எடுத்தால் கார் பழையபடி நிற்க வேண்டும். இதைச் சொன்னதும் அவர் எனக்கு வரலாறு படித்துக் காட்டினார். இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒல்லியாக இருக்கிறது என்று அதை நெடுக இரண்டாக அறுத்து, நடுவில் 4 அங்குலம் கூட்டினாராம். முன்மூடியின் நடுவில் தட்டையாக ஒரு பட்டை ஓடுகிறதே, அது அந்த 4 அங்குலம்தானாம். “படைத்தவனே அறுத்திருக்கிறான், நான் ஒரு துளை போடக் கூடாதா?” என்கிறார். அவர் அறுத்தது 1948இல் கார் வெளிவருவதற்கு முன்பு. நீங்கள் துளைக்கப் போவது அறுபது வயது தாண்டிய காரை என்றேன். பேச்சு நின்றது.

துளையை எதற்குக் கேட்டார் தெரியுமா? கைபேசிக்கு மின்னேற்ற. இந்தக் காரில் பேட்டரியின் நேர்முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கிறது. இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். அது தெரியாமல் இந்தக் காலத்துச் சாமானை இணைத்தால் புகைதான் வரும். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உயிர் சம்பந்தப்பட்டதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. திரும்பும் பக்கத்தைக் காட்ட கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் ஆரஞ்சு நிறக் கை உனக்கு நினைவிருக்கும்; சின்ன வயதில் அதைப் பிடித்து இழுத்து அடி வாங்கியிருக்கிறாய். மோரிஸ் 1961இல் அதை நிறுத்திவிட்டு மின்னும் விளக்குக்கு மாறிவிட்டது. நம் கார் அதற்கு முந்தியது என்பதால் கை இருந்தே ஆக வேண்டும். ஆனால் இங்கே மோட்டார் சைக்கிளில் பறக்கும் பிள்ளைகளில் ஒருவனுக்கும் அந்தக் கை என்ன சொல்கிறது என்று தெரியாது. பழைய விளக்குக் கூட்டுக்குள்ளேயே மின்னும் பல்பை வைத்துவிடலாம் என்று அப்பா கண்டுபிடித்தார். துளை இல்லை, வெட்டு இல்லை. ஒப்புக்கொண்டேன். கையும் நீளும், விளக்கும் மின்னும்.

தகர வேலை புக்கிட் மெர்தாஜாமில் நடக்கிறது. கடற்காற்றுக்கு இரும்பு எத்தனை காலம் தாங்கும்? ஓட்டுநர் காலடியில் விரிப்பைத் தூக்கினால், யாரோ ஒரு புண்ணியவான் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டையாக்கி ஆணி அறைந்து வைத்திருந்தான். இந்தக் காருக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, உடம்புதான் சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பை வெட்டி எடுப்பதற்கு முன் உள்ளே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து வெல்டிங் வைக்கவில்லை என்றால், உடம்பு தொய்ந்து பிறகு கதவே சாத்தாது. பட்டறைக்காரருக்கு அது தெரிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன். பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் விவகாரம் தனிக் கதை. காலடித் தகரத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை உருவ முடியாதபடி முன் சஸ்பென்ஷனின் நீளக் கம்பி குறுக்கே நிற்கிறது. அன்றைக்கு அப்பா பேசிய தமிழை எழுத மாட்டேன்.

இனி உன் நீலம். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த தாத்தா, துரை ஊருக்குப் போகும்போது விற்ற காரை வாங்கினார். வாங்கும்போதே நீலம்தான் என்று அப்பா இத்தனை காலமும் நினைத்திருந்தார். கையுறைப் பெட்டிக்குப் பின்னால், வெயிலே படாத ஓர் இடத்தில், தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளியே வரும். வெளிவளையம் நீலம். அதற்குள் இன்னொரு நீலம், கொஞ்சம் கறுத்தது. அதற்குள் பழுப்புச் சிவப்பில் அடிப்பூச்சு. அதையும் தாண்டினால், நடுவில் ஐந்து சென் காசு அளவுக்கு, சாம்பல். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

தாத்தாவின் நீலத்தை அழிப்பதா என்று நீ கேட்பாய். அவர் பெயிண்ட் அடித்தது துருவை மறைக்க. கையில் இருந்த காசுக்கு அன்றைக்குக் கிடைத்த நிறம் அது. என் மாமனாரை எனக்குத் தெரியும். சாம்பல் மலிவாகக் கிடைத்திருந்தால் சாம்பலே அடித்திருப்பார். ஆக்ஸ்ஃபோர்டு கவ்லித் தொழிற்சாலையில் செய்தபடி காரை நிறுத்துவது என்று ஆரம்பித்தாயிற்று. வேண்டிய இடத்தில் மட்டும் கவ்லி, மற்ற இடத்தில் நம் ஆசை என்றால் நான் எழுதும் கணக்குக்கு அர்த்தம் இல்லை. உபரிச் சக்கரம் வைக்கும் அடித்தட்டை மட்டும் நீலமாகவே விட்டுவிடலாம் என்கிறார் அப்பா. யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

எந்தச் சாம்பல் என்பதுதான் இப்போது சிக்கல். அந்த ஆண்டுகளில் மோரிஸ் ஒன்றுக்கு மேற்பட்ட சாம்பல்களை வைத்திருந்தது. காசு அளவுப் புள்ளியைப் பார்த்து முழுக் காருக்கும் பெயிண்ட் கலக்க முடியாது. நீ கொவென்ட்ரியில் இருப்பது இதற்குத்தான் உதவப் போகிறது. உன் வீட்டிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் கேடன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. சேஸி எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், கார் என்றைக்குச் செய்யப்பட்டது, என்ன நிறம், எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். சேஸி எண் உள்ள தகட்டின் படமும் கெரானின் நகலும் இதோடு வருகின்றன. இஞ்சினுக்கு அனுப்புவதாகச் சொன்ன பணத்தில் இந்தக் கட்டணத்தைக் கட்டு. மீதி உன் வங்கியிலேயே இருக்கட்டும்.

தீபாவளிக்கு வரும்போது கதவு ரப்பர் நான்கு கதவுக்கும், மாஸ்டர் சிலிண்டர் பழுதுபார்க்கும் ரப்பர் தொகுப்பு ஒன்று, அந்த ஆரஞ்சுக் கைக்கு மேல்மூடி இரண்டு வாங்கி வா. மூடி மெல்லியது, கைப்பையில் வை. குரோம் பம்பர் எல்லாம் தூக்கிக்கொண்டு வராதே; லோரோங் கூலிட் சந்தையில் அப்பா ஒன்றைப் பார்த்து வைத்து, விலை படியாமல் வாரா வாரம் போய் முறைத்துவிட்டு வருகிறார். படியும்.

நிறத்தின் பெயர் தெரிந்ததும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, உடனே கூப்பிடு. பட்டறைக்காரர் பெயிண்ட் அறையை நமக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார். இன்னொரு காரை உள்ளே ஏற்றிவிட்டால் பிறகு தைப்பூசம் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டார்.

அன்புடன்,
அம்மா