பல்லாரித் தோலும் உன் சுகரும்

ஏல மாப்ள,

உன் கடுதாசி வந்து பத்து நாளாச்சு. ஓணம் நெருங்குதுல்லா, புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் போற காய்கறி லோடு ராத்திரி பூரா ஏத்திக்கிட்டே கெடக்கோம், பேனா எடுக்க நேரமில்ல. அம்மா நல்லா இருக்காவ, உன்னைய கேட்டாவ.

நம்ம சின்னவ இப்ப ஒம்பதாம் கிளாஸ். போன ஞாயித்துக்கிழமை "செல்லுன்னா என்னப்பா"ன்னு கேட்டா, நான் பாக்கெட்ல இருந்து போனை எடுத்துக் காட்டுனேன், தலையில அடிச்சுக்கிட்டா. அவகிட்ட ஃபோல்ட்ஸ்கோப்னு ஒரு பேப்பர் மைக்ராஸ்கோப் இருக்கு, மனு பிரகாஷ்னு மீரட்ல பொறந்து இப்ப அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல இருக்கவரு கண்டுபிடிச்சதாம், மடிச்சா பைக்குள்ள போட்டுக்கலாம். மண்டியில கெடந்த ஒரு பல்லாரியை, அதான் பெரிய வெங்காயத்தை, வெட்டி, உள்பக்கம் பாலிதீன் மாதிரி லேசா ஒட்டியிருக்குமே அந்தத் தோலை உரிச்சு, டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாத்தா, ஏ அப்பா, செங்கல் கட்டுன சுவரு மாதிரி செல்லுங்க வரிசையா நிக்கி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு பழுப்புப் பொட்டு. அந்தப் பொட்டுதான் நியூக்ளியஸ், செல்லோட உட்கரு. செடியோ மனுசனோ, உடம்பு பூரா இந்த மாதிரி சின்னச் சின்ன செல்லால கட்டுனதுதான். அப்பதான் எனக்கு உறைச்சுது, நாம ஸ்கூல் லேப்ல வட்ட வட்டமா வரைஞ்சு "குட்" வாங்குனோமே, அது செல்லே இல்லல, காத்துக் குமிழி!

சரி விடு, 1665ல ராபர்ட் ஹூக் கார்க் சீவலை வச்சுப் பாத்து செல்னு பேரு வச்சாரே, அவரு பாத்ததும் வெறும் கூடுதான், உள்ள உயிர் போயி சுவரு மட்டும் நின்னுது. அந்தச் சுவரு செடிக்கு உண்டு, நமக்குக் கெடையாது, மெல்லிசா ஒரு சவ்வு அவ்வளவுதான்.

இதெல்லாம் எதுக்கு எழுதுதேன்னா உன் சுகர் விஷயம். வெறும் வயித்துல 104தான், ஆனா மூணு மாச சராசரி பாக்குற டெஸ்ட்ல (HbA1c) 7.8னு கூடுதலா காட்டுது, லேப்காரன் சொதப்பிட்டான்னு எழுதியிருந்த. அவன் மேல பழியப் போடாத. ரத்தத்துல இருக்க சிவப்பு செல்லு ஒரு தனி ஜாதி, முழுசா வளந்ததும் நியூக்ளியஸை வெளிய தள்ளிரும், ஆக்சிஜனை வச்சு சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாங்கிற பட்டறையும் கெடையாது. நம்ம லோடுமேன் மாதிரின்னு வையி, ஆக்சிஜன் மூட்டையை நாள் பூரா சொமக்கும், அதுல ஒரு துளி தனக்குன்னு எடுக்காது, சக்கரையை மட்டும் வச்சுப் பொழைச்சுக்கிடும். அந்தச் சக்கரை உள்ள போக இன்சுலின் தயவும் வேண்டாம், ரத்தத்துல எவ்வளவு ஓடுதோ அதுக்குத் தக்கன உள்ளயும் ஏறும், ஏறி, ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கிடும், ஒட்டுனது அந்த செல்லு சாகுற வரைக்கும் போவாது. அதுக்கு ஆயுசு கிட்டத்தட்ட 120 நாள். மூணு மாச டெஸ்ட் அளக்குறது இப்படி ஒட்டுன சக்கரையைத்தான். அதனால டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் நீ கஞ்சி குடிச்சு நல்லபிள்ளையா இருந்தா வெறும் வயித்து அளவு ஏமாறும், இது ஏமாறாது, புனலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நீ தின்ன பழம்பொரி பூரா அதுல பதிஞ்சிருக்கு.

மதினிகிட்ட இத நான் சொல்லல, நீயே சொல்லிரு. டாக்டர் குடுத்த மாத்திரையை ஒழுங்கா போடு. ஓணம் முடிஞ்சு வா, சாரல் மிச்சம் இருந்தா ஐந்தருவிக்குப் போவோம், வரும்போது அல்வா கில்வா ஒண்ணும் வாங்கிட்டு வராத, அந்தச் சாக்குல நீதான் பாதியை முடிப்ப.

உன் மாப்ள,
செங்கோட்டையில இருந்து