ஏ.பி. அரசியல் பாடம் படிக்கும் பிள்ளைகளை வீட்டில் வாதாட விடுங்கள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

மே மாதம் பிறந்தால் ஏ.பி. தேர்வுகள், அதாவது உயர்நிலைப் பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகள், தொடங்கிவிடும். கால்குலஸுக்கும் இயற்பியலுக்கும் குளிர்காலத்திலேயே டியூஷன் பிடித்துவிடும் நம் வீடுகளில், 'அமெரிக்க அரசாங்கமும் அரசியலும்' என்றொரு பாடம் இருப்பது ஏப்ரல் பாதியில்தான் நினைவுக்கு வருகிறது. "அது மனப்பாடம்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளையிடமே சொல்லிவிடுகிறோம். உள்ளூர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் இந்தப் பாடத்துக்குத் துணைநிற்கும் தன்னார்வலராகச் சொல்கிறேன்: மனப்பாடம் இங்கே பாதி வழிவரைகூட வராது. நம் பிள்ளைகளுக்கு உழைப்பில் குறை இல்லை. மாற்றுக் கருத்தைக் கேட்டு, அதற்கு நிதானமாகப் பதில் சொல்லிப் பழகும் வாய்ப்புத்தான் அவர்களுக்கு வீட்டில் கிடைப்பதில்லை. அதைக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தேர்வின் அமைப்பைப் பார்த்தாலே இது விளங்கும். மொத்தம் மூன்று மணி நேரம். கொள்குறி வினாக்கள் 55, அவற்றுக்கு 80 நிமிடம். எழுத்து வினாக்கள் நான்கு, அவற்றுக்கு 100 நிமிடம். இரண்டு பகுதிக்கும் சரிபாதி மதிப்பு. எழுத்து வினாக்களில் ஒன்று, பிள்ளை படித்திருக்கத் தேவையில்லாத ஓர் உச்ச நீதிமன்ற வழக்கைச் சுருக்கமாகச் சொல்லி, பாடத்தில் உள்ள வழக்கோடு ஒப்பிடச் சொல்லும். வழக்கின் பெயரையும் ஆண்டையும் அட்டையில் எழுதி உருப்போட்டவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். நீதிமன்றம் ஏன் அப்படித் தீர்ப்பளித்தது என்ற காரணம் தெரிந்தால்தான் புதிய வழக்கில் அதே காரணம் பொருந்துமா, பொருந்தாதா என்று சொல்ல முடியும்.

கடைசி வினா வாதக் கட்டுரை, அதற்கு 40 நிமிடம். ஒரு கேள்வியைக் கொடுத்து, சில அடிப்படை ஆவணங்களின் பெயர்களை மட்டும் தருவார்கள். ஆவணம் கண்முன் இருக்காது. பிள்ளை ஒரு பக்கம் நின்று, அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றிலிருந்தாவது சான்று காட்டி, அந்தச் சான்று தன் தரப்பை எப்படித் தாங்குகிறது என்று விளக்கி, எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆறு மதிப்பெண்ணில் ஒன்று அந்தப் பதிலுக்கே உரியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட அந்த ஒன்றைத் தவறவிடுவதைப் பார்க்கிறேன். "சிலர் வேறு விதமாக நினைக்கலாம், ஆனால் அது சரியல்ல" என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். எதிர்த்தரப்பின் நியாயத்தை முழுதாகச் சொல்லி, அதற்குப் பிறகு அதை மறுக்க அவர்களுக்கு வாய் வருவதில்லை. 'எதிர்த்துப் பேசாதே' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது பதினேழு வயதில் திடீரென்று எப்படி வரும்?

படிக்க வேண்டிய அடிப்படை ஆவணங்கள் ஒன்பது. சுதந்திரப் பிரகடனம், முதலில் இருந்த கூட்டமைப்பு விதிகள், அரசியலமைப்புச் சட்டம், அந்தச் சட்டத்தை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 10, 51, 70, 78 ஆகிய எண்கள், அவற்றுக்கு எதிர்க்குரலான புரூட்டஸ் முதல் கட்டுரை, மார்ட்டின் லூதர் கிங் 1963இல் எழுதிய பர்மிங்காம் சிறைக் கடிதம். இவற்றைத் தயவுசெய்து நீங்களும் படியுங்கள். பெரும்பாலானவை சில பக்கங்கள்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் சுருக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு மூலத்தைத் திறக்காமலே தேர்வுக்குப் போகிறார்கள். ஃபெடரலிஸ்ட் பத்தாம் கட்டுரையை எழுதிய மேடிசனின் ஒரு பத்தியை மெதுவாக, சத்தமாக, இருவரும் சேர்ந்து படித்துப் பாருங்கள். ஏழு சுருக்கங்கள் தராத தெளிவை அது தரும்.

இந்தப் பாடத்தில் தமிழ்ப் பெற்றோரான உங்கள் கையில் ஒரு தனிச் செல்வம் இருக்கிறது. மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான இழுபறி இந்தத் தேர்வின் முதுகெலும்பு. அதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1976, 1980, 1991 என்று தமிழ்நாட்டில் ஆட்சிகள் கலைக்கப்பட்ட கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் பேசியதைக் கேட்டு வளர்ந்தோம். மாநில சுயாட்சிக்காக 1969இல் அமைக்கப்பட்ட ராஜமன்னார் குழுவைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு 1987இன் 13ஆவது திருத்தமும், மாகாண சபைகளின் கைக்கு வராமலே போன காணி, காவல்துறை அதிகாரங்களும் நன்றாகத் தெரியும். இதையெல்லாம் பிள்ளையிடம் சொல்லுங்கள். அமெரிக்க அதிபரால் ஒரு மாநில அரசைக் கலைக்க முடியாது, மாநில ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற செய்தி, நம் ஊர்க் கதைக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதியும்.

1787 அக்டோபரில் புரூட்டஸ் என்ற புனைபெயரில் எழுதியவர் அஞ்சியதும் இதைத்தான். புதிய அரசியலமைப்பு மத்திய அரசுக்குத் தரும் அதிகாரம் மெல்ல மெல்ல மாநிலங்களை விழுங்கிவிடும் என்றார். இவ்வளவு பரந்த நாட்டில் பிரதிநிதிக்குத் தன் மக்களையே தெரியாமல் போகும் என்றார். அடுத்த மாதமே மேடிசன் ஃபெடரலிஸ்ட் பத்தாம் கட்டுரையில் இதை அப்படியே திருப்பிப் போட்டார்: நாடு பெரிதாக இருப்பதே நல்லது, அப்போதுதான் எந்த ஒரு கூட்டமும் பெரும்பான்மையாகி மற்றவர்களை நசுக்க முடியாது. 1819இல் மேரிலாந்து மாநிலம் மத்திய வங்கிக்கு வரி போட்டபோது, மக்கல்லக் வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கம் நின்றது. 1995இல் லோப்பஸ் வழக்கில் மாநிலத்தின் பக்கம் சாய்ந்தது. சான் அன்டோனியோவில் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் மீதான வழக்கு அது. பள்ளிக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பதை, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றம் தடைசெய்ய முடியாது என்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பானது. புரூட்டஸின் அச்சம் இருநூறு ஆண்டுகளாக நீதிமன்றத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று பிள்ளை கண்டுகொண்டால், இவை மூன்று தனித்தனிப் பாடங்களாக இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மாநில உரிமை என்றாலே நமக்கு நெஞ்சு நிமிரும். இந்த நாட்டிலோ அடிமை முறையையும், பிறகு நிறப் பிரிவினையையும் காத்தவர்கள் தூக்கிப்பிடித்த கொடியும் அதுவே. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்ற 1954இன் பிரவுன் தீர்ப்புக்குப் பிறகும், 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைவதை ஆர்கன்சா ஆளுநர் தடுத்தார். அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பித்தான் அவர்களை உள்ளே அழைத்துச் செல்ல முடிந்தது. நம் அனுபவத்தையும் அவர்கள் அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, எதிர்க்கருத்தை எங்கே போய்த் தேடுவது என்ற கவலையே இருக்காது.

இன்னும் சங்கடமான ஒன்றையும் பேசுங்கள். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை 2023இல் ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியபோது, நம் வாட்ஸ்அப் குழுக்கள் பல கொண்டாடின. அதே குழுக்களில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் படித்து மேலே வந்தவர்கள். இதில் எந்தப் பக்கம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை உங்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று பேசினால் முகம் சுளிக்காதீர்கள், ஆதாரம் கேளுங்கள். அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தில் உள்ள சமப் பாதுகாப்பு விதியை இரு தரப்பும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். நீதியைவிட அமைதியையே பெரிதென நினைக்கும் மிதவாதிகளைப் பற்றிக் கிங் சிறையிலிருந்து எழுதியதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நம்மில் பலர் அரசியலே பேசாதே என்று பிள்ளைகளை அடக்குவதற்குப் பின்னால் இருக்கும் அச்சம் எனக்குப் புரிகிறது. விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியாது, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் என்ன ஆகும் என்ற கவலை வேறு. வெளியில், இணையத்தில் எதைப் பேசலாம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யட்டும். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அந்த அச்சம் வரக் கூடாது. இந்தப் பாடத்தில் வரும் டிங்கர் வழக்கு, வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குப் போன மாணவர்களின் கதை. அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு அப்போது 13 வயது. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. 1969இல் 7–2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு வரும் பெண்ணிடம் "உனக்கு எதற்கு இதெல்லாம்" என்று கேட்டால், அவள் எந்தப் பாடத்தை நம்புவாள்?

பயிற்சி முறை பற்றிச் சுருக்கமாகச் சில சொற்கள். உறவினர் வீட்டிலிருந்து வாங்கி வந்த பழைய வழிகாட்டி நூலை நம்பாதீர்கள். 2018க்கு முந்தைய நூல்களில் இன்றைய பாடத்திட்டமே இல்லை. அதற்குப் பின் வந்தவற்றிலும் கட்டாயம் படிக்க வேண்டிய வழக்குகள் 15 என்று இருக்கலாம். கருக்கலைப்பு உரிமையை ஏற்ற ரோ தீர்ப்பை 2022இல் டாப்ஸ் தீர்ப்பு ரத்து செய்ததும், ரோ வழக்கு கட்டாயப் பட்டியலிலிருந்து நீங்கி 14 ஆகிவிட்டது. முந்தைய ஆண்டுகளின் எழுத்து வினாக்களையும், மதிப்பெண் வழங்கும் முறையையும், மாணவர்களின் மாதிரி விடைகளையும் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தன் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றைவிட நல்ல வழிகாட்டி கடையில் கிடையாது. தேர்வு 2025 முதல் கணினியில் புளூபுக் என்ற செயலியில் நடப்பதால், கட்டுரையைத் தட்டச்சு செய்தே பழகட்டும்.

தேர்வின் உச்ச மதிப்பான 5 வாங்கினால் எந்தக் கல்லூரி எத்தனை கிரெடிட் தரும் என்று என்னிடம் கேட்கிறீர்கள். அதைக் கல்லூரித் தளங்களில் பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பில் இத்தேர்வை எழுதும் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஆண்டே 18 வயது நிறைகிறது. 1971இன் 26ஆவது திருத்தம் அவர்களுக்கு வாக்குரிமை தந்திருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இன்னும் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் வீட்டில், இங்கே பிறந்த அந்தப் பிள்ளைதான் குடும்பத்தின் முதல் அமெரிக்க வாக்காளர். பள்ளி வாரியத் தேர்தலிலிருந்து அதிபர் தேர்தல் வரை உங்கள் வீட்டின் ஒரே குரல் அது. அந்தக் குரல் யோசித்துப் பேசும் குரலாக இருக்க வேண்டாமா?

வரும் சனிக்கிழமையே தொடங்குங்கள். புரூட்டஸ் கட்டுரையையும் ஃபெடரலிஸ்ட் பத்தையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை புரூட்டஸ் பக்கம் நிற்கட்டும், நீங்கள் மேடிசன் பக்கம் நில்லுங்கள். அரை மணி நேரம் விட்டுக்கொடுக்காமல் வாதாடுங்கள். பிறகு பக்கம் மாறி இன்னோர் அரை மணி நேரம். முடிந்ததும், நீங்கள் சொன்னவற்றில் மிக வலுவான எதிர்வாதம் எது என்று கேட்டு, அதற்கான பதிலை ஒரே பத்தியாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஃபெடரலிஸ்ட் 70ஐ எடுத்துக்கொள்ளலாம்; அதிபருக்கு எவ்வளவு அதிகாரம் வேண்டும் என்பதில் உங்கள் வீட்டில் கருத்துக்குப் பஞ்சம் இருக்காது.

அன்புடன்,
நூலகத்தில் இப்பாடத்துக்குத் துணைநிற்கும் ஒரு தமிழ்த் தாய்