எப்ப ஏறுது?

மஞ்சக்குப்பம், கடலூர்
மே 14

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பலாப்பழம். பண்ருட்டிச் சம்பந்தி வீட்டிலிருந்து இரண்டு பழம் வந்து இறங்கியது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்து, தெருவெல்லாம் கொடுத்தனுப்பி, கொட்டையை மண்ணில் புரட்டிக் காயவைத்து நிமிர்வதற்குள் வாரம் ஓடிவிட்டது. உனக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. பிசியோதெரபிக்காரர் சொல்வதை மட்டும் ஏமாற்றாமல் செய். டிரில் பீரியடில் மரத்தடியில் ஒளிந்த ஆள் நீ என்பது எனக்குத் தெரியும்.

சரி, உன் மாருதி ஜென் கார் விஷயம். "வண்டி சூடாகிறது, ஹெட்டைக் கழற்ற வேண்டும், இருபதாயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக்" என்று எழுதியிருக்கிறாய். ஹெட் என்பது என்ஜினின் மேல்மூடி. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அதைக் கழற்ற விடாதே. போன வருஷம் இதே கூத்தை நான் முழுதாக ஆடி முடித்தவன்.

என் வண்டி உனக்குத் தெரியும், 1998 மாருதி 800. தானே புயலில் வேப்பங்கிளை விழுந்து பானெட் நசுங்கியதே, அதே வண்டிதான். இன்றும் பானெட்டை இரண்டு தடவை குத்தினால்தான் மூடும். போன சித்திரையில் இவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி கிளம்பினேன். முள்ளோடை செக்போஸ்ட் தாண்டும்வரை ஒன்றுமில்லை. ரோடு காலியாக இருந்ததால் எழுபதில் போனேன். கிருமாம்பாக்கம் நெருங்கும்போது இவள்தான் பார்த்தாள்: "ஏங்க, அந்த முள்ளு ஏன் மேல நிக்குது?" பார்த்தால் என்ஜின் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டில் நிற்கிறது. ஓரம் கட்டினேன். உள்ளே அண்டாவில் சோறு கொதிக்கிற சத்தம்.

இறங்கியதும் செய்யக்கூடாத காரியத்தைச் செய்யப் போனேன். துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். எதிரே டீக்கடை அம்மா போட்ட கூச்சலில் கையை எடுத்தேன்: "மூடியத் தொறக்காதய்யா, போன மாசம் ஒருத்தருக்கு மூஞ்சி வெந்துபோச்சு!" அந்த அம்மாவுக்குப் புண்ணியம். குக்கர் கதைதான் அது. மூடியில் 0.9 என்று எழுதியிருக்கும், அது அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, 118 பக்கம் போனால்தான் கொதிக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விட்டுப் போகும், உள்ளே அடங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் ஆவியாகச் சீறிக்கொண்டு வெளியே வரும். முக்கால் மணி நேரம் காத்திருந்து திறந்தோம். கண் டாக்டரைப் பார்க்கவில்லை, டீ மட்டும் நான்கு குடித்தோம்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது ஊர்வலம். முதல் மெக்கானிக் மூடியை மாற்றினார். அதில் தப்பில்லை, மலிவான சாமான், ரப்பர் செத்துப்போனால் அழுத்தம் நிற்காது. அடுத்தவர் இரண்டு ஹோஸையும் மாற்றினார். மூன்றாமவர் வாட்டர் பம்பை. ஒவ்வொரு தடவையும் ஊருக்குள் ஓட்டிப் பார்ப்போம், டவுன் ஹால் வரை, திருப்பாப்புலியூர் வரை. முள் பாதியைத் தாண்டாது. "பாத்தீங்களா சார், சரியாயிடுச்சு" என்பார்கள். மறுபடி பாண்டி ரோட்டில் ஏறினால் தவளக்குப்பம் போவதற்குள் சிவப்பு. 7,000 ரூபாய்க்கு மேல் போனபிறகு நான்காமவர் உன் ஆள் சொன்னதையே சொன்னார்: "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், பிரிச்சுடலாம்." ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடுதான் அந்தக் கேஸ்கெட்.

அன்று இரவு இவள் சொல்லித்தான் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ரேடியேட்டர் வேலை பார்க்கும் ஒரு பாயிடம் போனேன். எழுபது வயதிருக்கும். லாரி, டிராக்டர் ரேடியேட்டர்களுக்கு ஈயம் பற்றவைத்துப் பற்றவைத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவர் வண்டியைத் தொடவேயில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "எப்ப ஏறுது?" என்றார்.

"அப்பப்ப ஏறுது பாய்."

"அப்பப்பன்னா எப்ப? நிக்கும்போதா, போகும்போதா? எடுத்தவுடனேயா, பத்து மைல் போயா?"

மூன்று மாதமாக எவரும் கேட்காத கேள்வி. நானும் யோசிக்கவில்லை. "ஊருக்குள்ள ஏறல. லாங் ரோட்டுல, அறுபதுக்கு மேல போனா ஏறுது" என்றேன்.

"அப்ப காத்துல கோளாறு இல்ல. தண்ணி ஓடல" என்றார்.

அவ்வளவுதான் சேகர். எரிகிற பெட்ரோலின் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தண்ணீர் அதை என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தூக்கி வர வேண்டும், அங்கே காற்று அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி ஓடும்போது காற்று தானாக வந்து மோதும், ஃபேன் தேவையேயில்லை. நிற்கும்போதுதான் ஃபேன் சுற்ற வேண்டும். ஆகவே நெரிசலில் நின்றால் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் பெரும்பாலும் ஃபேன் பக்கம் கோளாறு. நின்றால் சமாளித்து, வேகமெடுத்தால் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. எடுத்த ஐந்து நிமிஷத்தில் ஏறினால் தண்ணீர் குறைந்திருக்கும், உள்ளே காற்று அடைத்திருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பாய் முன்கிரில்லைக் கழற்றச் சொன்னார். என்ஜினை நன்றாகச் சூடேற்றி அணைத்தார், ஃபேன் வயரைப் பிடுங்கினார், சொம்பில் தண்ணீர் எடுத்து ரேடியேட்டர் முகத்தில் வாசல் தெளிக்கிற மாதிரி தெளித்தார். நடுவில் விழுந்தது சுர்ரென்று உலர்ந்தது. இடது ஓரத்தில் நான்கு விரல் அகலம், மேலிருந்து கீழ்வரை, ஈரம் அப்படியே நின்றது. வலது ஓரத்திலும் ஒரு பட்டை. "ஈரம் நிக்குற எடத்துல தண்ணி ஓடல சார். சூடு இருந்தா காஞ்சிருக்கும்ல?" இதற்கு மீட்டர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீர்.

பிறகு தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. "வீடு இருக்கு, ஆள் இல்ல" என்று சிரித்தார். எப்போதோ ஒரு கை அதை எடுத்துப் போட்டிருக்கிறது. 'நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்' என்று பல ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். அது இல்லாவிட்டால் குளிர்ந்த என்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும். எனக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று: ரேடியேட்டர் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்ததை அந்தக் காலி வீடு வருஷக்கணக்கில் மறைத்துவிட்டது. சீக்கிரமே தெரிந்திருந்தால் அமிலம் விட்டு அலசியதோடு போயிருக்கும்.

என்னுடையது பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர். பாய் மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கிப் பிரித்துக் காட்டினார். குழாய் வாயெல்லாம் வெள்ளையும் துருச் சிவப்புமாகக் காறை. ஒரு தீக்குச்சியை நீட்டிப் பார்த்தேன், பல குழாய்களில் நுழையவில்லை. ஒரு சில்லை வீட்டுக்குக் கொண்டுவந்து இவளிடம் காட்டினேன். "இது நம்ம வெந்நீர் அண்டா அடியில இருக்குறதுதானே?" என்றாள். ஆமாம், அதேதான். நம் கடலோரத்துப் போர் தண்ணீர். பதினைந்து வருஷமாக நான்தான் அடுப்படிக் குழாயில் பிடித்துப் பிடித்து ஊற்றினேன். சூடாக ஆக அதிலிருக்கும் சுண்ணாம்பு பிரிந்து சுவரில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் சூடு கடக்காது. மூன்று மெக்கானிக்கைத் திட்டினேனே, அந்தத் திட்டில் பாதி எனக்கு வரவேண்டியது.

குழாய்க்குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி, கழுவி, திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார். புது தெர்மோஸ்டாட்டைப் போடுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். பாத்திரத்தின் பக்கத்திலோ அடியிலோ படாமல் தொங்க வேண்டுமாம். 82 என்று பொறித்திருந்தது, அது திறக்க ஆரம்பிக்கும் டிகிரி. தெர்மாமீட்டர் அதைத் தாண்டியதும் வால்வு மெல்ல வாய் திறந்ததைப் பார்த்தேன். ஏதோ உயிருள்ள ஜந்து மாதிரி இருந்தது. பிறகு கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழியெல்லாம் வெளியேறியபின் மூடினார். இனி கூலன்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர்தான், போர் தண்ணீர் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இப்போது உனக்கு. மகாமகக் குளத்து நெரிசலில் நின்றால் ஏறுகிறது, தஞ்சாவூர் ரோட்டில் ஒன்றும் இல்லை என்று உன் கடிதத்திலேயே, முதல் பக்கத்தில், எழுதியிருக்கிறாய். மெக்கானிக்கிடம் சொன்னாயா? ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பார். சூடேறியும் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், அப்புறம் ரிலே. அவை சரியென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேன் மோட்டாருக்கு நேராக பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கச் சொல். சுற்றினால் மோட்டார் நல்லது, சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடும் சுவிட்சோ வயரோ செத்திருக்கிறது. சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதே, என்ஜின் அணைந்த பிறகும் சில வண்டிகளில் அது திடீரென்று சுற்றும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி, பூச்சி, காய்ந்த இலை அடைத்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் இருந்தால் அதற்கும் பிரிக்காமலே பார்க்க வழி உண்டு. காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய், நிற்காமல் குமிழி வருகிறதா என்று பார். ஆயில் மூடியின் அடியில், டிப்ஸ்டிக்கில், ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா? சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? கீழே சொட்டாமலே தண்ணீர் குறைகிறதா? மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? இதில் ஒன்றிரண்டு இருந்தால் மெக்கானிக் சொல்வது சரி, பிரித்துவிடு, தள்ளிப்போடாதே, ஹெட் வளைந்தால் செலவு இன்னும் கூடும். ஒன்றும் இல்லையென்றால் அந்த இருபதாயிரம் உன்னிடமே இருக்கட்டும்.

நடு ரோட்டில் ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடு. உள்ளே வெந்துபோவோம், ஆனால் என்ஜினில் இருக்கும் சூடு கொஞ்சம் நம்மேல் இறங்கும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி அணைத்துவிடு. கொதிக்கிற என்ஜின்மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதே.

என் வண்டி முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நிறுத்துகிற இடத்தில் வாட்டர் பம்புக்கு நேர்கீழே பச்சையாக ஒரு ரூபாய் அளவுக்குக் கறை விழுகிறது. தினம் பழைய பேப்பரை விரித்து, கறை பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முள் பாதியில் நிற்கிறது. ஆனால் பாண்டி போகும்போதெல்லாம் இவள் ரோட்டைப் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்க்கிறாள். கிருமாம்பாக்கத்தில் அந்த டீக்கடையில் நிறுத்தாமல் போனதும் இல்லை.

வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பேரனுக்கு என் முத்தம். ஃபேன் சுற்றியதா இல்லையா என்று ஒரு வரியாவது எழுது. காயவைத்த பலாக்கொட்டை தனிப் பார்சலில் வருகிறது.

உன்
ரங்கன்