முல்லா பெயரில் ஒரு மெடல்

மெல்பர்ன்,
ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஸ்கூலில் பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று போனில் கேட்டீர்களே. போன வாரம் முழுக்கப் பூர்வகுடிகளைப் பற்றித்தான். வருஷா வருஷம் மே 27-லிருந்து ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம் நடத்துகிறார்கள். சின்னவள் வகுப்புக்குப் பூர்வகுடி ஓவியர் ஒரு அம்மாள் வந்திருந்தார்; கூடமாட உதவ நானும் போனேன். புள்ளி வைப்பதற்காக டீச்சர் பெயின்ட்டும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் எடுத்து வைத்திருந்தார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அதையெல்லாம் ஓரமாக நகர்த்திவிட்டார். புள்ளி ஓவியம் நடுப் பாலைவனத்துக்காரர்களுடையது. 1971-இல் அங்கே பப்புன்யா என்ற ஊரில் பெரியவர்கள் பலகையில் வரைய ஆரம்பித்த பிறகுதான் வெளியே பரவியது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கோடுதான். பொசம் தோல்களைச் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கி, அதன் உள்பக்கம் கோடு கோடாகக் கீறுவார்களாம். (பொசம் என்பது ராத்திரி எங்கள் கூரை மேல் தடதடவென்று ஓடுகிற பிராணி.) ஒரு குடும்பத்துக் கதையை மற்றவர்கள் எடுத்து வரையக்கூடாது, அதனால் "உங்க வீட்டுக்குப் போற வழியைக் கோட்டுல போடுங்க" என்றுவிட்டார். சின்னவள் ரயில்வே ஸ்டேஷனையும் நம்மூர் மளிகைக் கடையையும் போட்டிருக்கிறாள். எனக்கு இது பிடித்திருந்தது. புள்ளி வைத்த கங்காரு ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புவது சுலபம். அதில் பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது?

பெரியவனுக்கு மார்ன்குரூக். பொசம் தோல் பந்தை உயர உதைத்து, எம்பிப் பிடிக்கிற பூர்வகுடிகளின் பழைய ஆட்டம். இந்த ஊர் ஃபுட்டியே (கையாலும் பிடித்து ஆடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்து) அதிலிருந்து வந்ததுதான் என்று சிலர் சொல்கிறார்கள். சரித்திரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 1993-இல் நிக்கி வின்மார் என்ற பூர்வகுடி ஆட்டக்காரரைக் கூட்டம் நிறத்தைச் சொல்லித் திட்ட, அவர் பனியனைத் தூக்கித் தன் தோலைத் தொட்டுக் காட்டினாராம். அதைக் கேட்டதிலிருந்து நம் பையன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டே திரிகிறான். இந்தக் குளிரில்!

இனிமேல் சொல்லப்போவது உங்களுக்கென்றே. 2020-இல் அடிலெய்டில் நம் அணி 36-க்குச் சுருண்டு, அடுத்த மேட்ச் மெல்பர்னில் ரஹானே 112 அடித்தாரே, விடிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து பார்த்தீர்களே! அதில் ஆட்டநாயகனாக அவர் வாங்கிய மெடல் ஜானி முல்லா பெயரில் அந்த வருஷம்தான் ஆரம்பித்தது. முல்லா பூர்வகுடி. 1868-இல் இங்கிலாந்துக்குப் போன அணியில் ஆடியவர். ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே போன முதல் அணியே அதுதான், முதல் டெஸ்டுக்கு ஒன்பது வருஷம் முன்னால். 47 மேட்ச், முல்லா மட்டும் 1,698 ரன், 245 விக்கெட். ஆட்டம் முடிந்தால் கூட்டத்துக்காக பூமராங் வீசி வித்தையும் காட்ட வேண்டும். ஒருவர் லண்டனிலேயே இறந்துபோனார். அணி திரும்பி வந்த 1869-லேயே இங்கே ஒரு சட்டம் போட்டார்கள்: பூர்வகுடிகள் எங்கே குடியிருக்கலாம், என்ன வேலை பார்க்கலாம் என்பதெல்லாம் அரசாங்கத்தின் கையில். இத்தனை வருஷம் கிரிக்கெட் பேசிய நம் வீட்டில் இந்தப் பெயர் ஒருநாள்கூட அடிபட்டதில்லை, பாருங்கள்.

பெரியவன் ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூப்பிட்டு முல்லா ஆஃப் ஸ்பின்னா, வேகமா என்று கேட்பான். எனக்குத் தெரியவில்லை. தாத்தாவுக்குத் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சமாளித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்