‘உடனே’ தேய்ந்த கதை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

சரி, ‘சற்று நேரத்தில்’ என்று பொருள் தரும் ‘அனான்’ (anon) என்ற பழைய ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று உன் மகள் கேட்டிருந்தாளே. கவிதைத் தொகுப்புகளில் பெயர் தெரியாதவர்களுக்குப் போடும் ‘அனான்’ வேறு. அது ‘அனானிமஸ்’ என்பதன் சுருக்கம், கிரேக்க வழி வந்தது. அவள் கேட்டது அசல் பழைய ஆங்கிலம். ‘ஒன்’, ‘ஆன்’ என்ற இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டது. ‘ஒன்’ (on) என்றால் ‘இல்’, ‘ஆன்’ (ān) என்றால் ஒன்று. ஏறக்குறைய நம்முடைய ‘ஒரே மூச்சில்’ மாதிரி. அதிலிருந்து ‘உடனே’ என்ற பொருள் வந்தது.

1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. மத்தேயு 13ஆம் அதிகாரம், விதைக்கிறவன் உவமை. கற்பாறை நிலத்தைப் போன்றவன் வசனத்தைக் கேட்டு ‘அனான்’ சந்தோஷமாக ஏற்கிறான். துன்பம் வந்தால் ‘பை அண்ட் பை’ (by and by, இன்று ‘பிறகு மெதுவாக’ என்று பொருள்) இடறிப்போகிறான். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்: உடனே. மாற்கு 6இல் ஏரோதியாளின் மகள் ஏரோது மன்னனிடம் யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் வைத்து ‘பை அண்ட் பை’ தரச் சொல்கிறாள். இன்றைய பொருளில் படித்தால் ஆற அமரத் தந்தால் போதும் என்றாகிவிடும். அவள் கேட்டதோ இந்த நிமிஷமே! அந்த வரியில் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் எப்படி ‘சற்று நேரத்தில்’ என்று ஆனது? ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில், மதுக்கடைப் பையன் பிரான்சிஸை இளவரசன் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைக்கிறான். பக்கத்து அறையிலிருந்து தோழன் கூப்பிட்டபடியே இருக்கிறான். பையன் ‘அனான், அனான், சார்!’ என்கிறான், கால் மட்டும் நகரவில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து கூப்பிட, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திகைத்து நிற்கிறான். நம் வீடுகளில் ‘இதோ வந்துட்டேன்’ என்று குரல் மட்டும் வருமே, அதேதான். இன்று ‘சீக்கிரம்’, ‘சற்று நேரத்தில்’ என்று பொருள்படும் ‘சூன்’ (soon), ‘பிரசன்ட்லி’ (presently) இரண்டும்கூட ஒரு காலத்தில் ‘உடனே’தான், அவையும் இப்படியே தேய்ந்தவை.

அந்தக் காட்சியை அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல். பிரான்சிஸாக நீ படி.

பொங்கலுக்கு முந்தின நாள் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அன்புடன்,
கண்ணன்