கார் கன்சல்டிங் அண்ணன்களுக்கு: முதல் போனிலேயே உற்பத்தி மாதத்தைச் சொல்லுங்கள்

வணக்கம்ங்க.

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூரில் பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங் அண்ணன்கள், அவர்களுக்குப் பெங்களூரிலிருந்து வண்டி பிடித்துக் கொடுக்கும் புரோக்கர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஸ்விஃப்ட், இன்னோவா வாங்க வருகிறவர்கள் பாடு வேறு, அதில் நான் தலையிடவில்லை. வேகமாக ஓட்டப் பிடிக்கும், ஆனால் புதுசாக வாங்க வசதி இல்லை, சேர்த்து வைத்த காசில் ஒரு போக்ஸ்வாகன் போலோ ஜி.டி., ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., ஒரு ஃபியட் அபார்த், கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஒரு பழைய போர்ஷே என்று தேடி அலையும் எங்களைப் போன்ற ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது இல்லையா, அவர்கள் சார்பில் எழுதுகிறேன்.

உங்களுக்குப் போன் போட்டு "என்ன மாடல் அண்ணா?" என்று கேட்டால் வருகிற பதில் ஒரு வருடம் மட்டும்தான். "2020 தம்பி, சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி." அவ்வளவுதான். (இந்தியாவில் டாக்டர்கள் இத்தனை கார் எப்படித்தான் வாங்கித் தள்ளுகிறார்களோ தெரியவில்லை.) அந்த 2020 என்பது வண்டி செய்த வருடமா, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவான வருடமா என்று திருப்பிக் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான், நேர்ல வாங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். ஒன்று இல்லை அண்ணா. சாதாரண வண்டிக்கு ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் பத்தாயிரம் இருபதாயிரம் பேரம் பேசி முடிந்துவிடும். இந்த மாதிரி வண்டியில் அந்த ஒரு வருடத்துக்குள் இன்ஜினே வேறாகிவிடுகிறது.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள் (டி.எஸ்.ஐ. என்றால் போக்ஸ்வாகனின் டர்போ பெட்ரோல் இன்ஜின்). 2013-ல் வந்தபோது 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், 7 கியர் டி.எஸ்.ஜி., அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் பாக்ஸ். அந்த கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் வகை (கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்காது), கம்பெனிக்குள் அதன் பெயர் டி.கியூ.200. வண்டி காற்றாகப் பறக்கும், கியர் மாறுவதே தெரியாது, ஆனால் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் அதன் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் மக்கர் செய்தால் செலவைக் கேட்டுத் தலை சுற்றிவிடும். 2013 கடைசியில் போக்ஸ்வாகனே உலகம் முழுக்க அந்த வகை கியர்பாக்ஸுள்ள கார்களைத் திரும்ப அழைத்து, செயற்கை ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றிக் கொடுத்தது. ஆக 2013 வண்டி என்றால் அந்த வேலை நடந்ததா என்று ஷோரூம் ரெக்கார்டைப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அந்த 1.2 இன்ஜினும் டி.எஸ்.ஜி.யும் போய், 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ வந்தது, 110 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக் கேட்டால், டி.எஸ்.ஜி. மாதிரி இரட்டைக் கிளட்ச் இல்லாத, ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை 6 கியர் பாக்ஸ். அது ஜி.டி. பேட்ஜுடன் வந்தது. கையால் கியர் போடும் மேனுவலை ஜி.டி. பெயர் இல்லாமல் விற்றார்கள். 2022-ல் போலோவே நின்றுபோனது.

இப்போது சொல்லுங்கள், "2020 ஜி.டி." என்றால் நான் எதை எடுத்துக்கொள்வது? 2019 டிசம்பரில் செய்து 2020 பிப்ரவரியில் பதிவான பழைய 1.2 டி.எஸ்.ஜி.யா, அதே வருடக் கடைசியில் வந்த 1.0 ஆட்டோமேட்டிக்கா? வெளியே பார்த்தால் அதே கூடு, பின்னால் அதே ஜி.டி. எழுத்து. வாங்குகிறவனுக்கு இது இரண்டு வேறு கார். பெங்களூர் டிராஃபிக்கில் அடிபட்ட உலர் கிளட்ச் வேண்டாம் என்பவன் பின்னதற்குப் போவான். சீறிப் பாய்கிற அந்தப் பழைய டி.எஸ்.ஜி.தான் வேண்டும், செலவு வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்பவன் முன்னதற்கு வருவான். இரண்டு பேருக்கும் கொடுக்க உங்களிடம் வண்டி இருக்கும், ஆனால் ஆள் மாற்றி அனுப்பி இரண்டு பேருடைய ஞாயிற்றுக்கிழமையும் வீணாகிறது.

கிலோமீட்டர் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "35,000தான் ஓடியிருக்கு" என்று பெருமையாகச் சொல்லும் கே.ஏ. (கர்நாடக) நம்பர் வண்டி அந்த 35,000-ஐயும் பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் ஊர்ந்து ஊர்ந்தே ஓட்டியிருந்தால், உலர் கிளட்சுக்கு அதுதான் பெரிய அடி. தருமபுரியிலிருந்து வாரா வாரம் சென்னைக்கு ஹைவேயில் போய் வந்து 80,000 காட்டும் டி.என்.29 வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். சரி, கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம், தொப்பூர் கணவாயில் ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு எடுப்பேன்.

ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸுக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் கோபம். 2017-ல் வந்தது 2.0 லிட்டர், 230 குதிரைத்திறன், 6 கியர் டி.எஸ்.ஜி., ஆயிலில் மூழ்கிய ஈரக் கிளட்ச். 2020-ல் ஆர்.எஸ். 245 என்று இந்தியாவுக்கு 200 வண்டிதான் வந்தது, அதில் 7 கியர், அதுவும் ஈரக் கிளட்ச்தான். அதனால் "ஏழு கியர் டி.எஸ்.ஜி.யா, தொடாதீங்க" என்று உங்கள் மெக்கானிக் பொத்தாம் பொதுவாகச் சொல்வது தப்பு. ஆனால் சாதாரண ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ.யில் இருக்கும் 7 கியர், போலோவில் சொன்ன அதே உலர் கிளட்ச் குடும்பம். அந்த 1.8 வண்டிக்கு கிரில்லில் ஆர்.எஸ். பேட்ஜ் ஒட்டி, பிரேக் காலிப்பருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, ஒரு கன்சல்டிங்கில் எனக்கே காட்டினார்கள். ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) வாங்கிப் பார்த்தால் 1798 சி.சி. என்று இருக்கிறது, ஆர்.எஸ். என்றால் 1984 இருக்க வேண்டும். கேட்டதற்கு, "பேட்ஜ்தானே தம்பி, பிடிக்கலைன்னா கழட்டிக்கோங்க" என்றார். மாங்காய் மண்டியில் பெங்களூரா காய்க்கு அல்போன்சா ஸ்டிக்கர் ஒட்டி விற்றால் நம் ஊரில் விடுவார்களா?

அபார்த் புன்டோ கதை நேர் எதிர். 2015 அக்டோபரில் வந்தது, 1.4 டி-ஜெட், 145 குதிரைத்திறன், மேனுவல் மட்டும், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். கடைசி வரை இயந்திரத்தில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அதனால் 2017 அபார்த்துக்கு 2015-ஐ விட ஒரு லட்சம் கூடக் கேட்பதில் பெரிய நியாயம் இல்லை. இந்த வண்டியில் வருடத்தை விட பராமரிப்புதான் முக்கியம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இருக்கிறதா? ரப்பர் பெல்ட் ஷெட்டில் சும்மா நின்றாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும், "ஓடவே இல்லை" என்பது இங்கே நல்ல செய்தி கிடையாது. இன்னொன்று, சாதாரண புன்டோ 1.4-க்கும் அதே 1368 சி.சி.தான் என்பதால் ஆர்.சி.யில் சி.சி. பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்க முடியாது. பின் சக்கரத்தில் டிரம் இருந்தால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

போர்ஷேவைப் பற்றி நம் ஊரில் பேசுவதா என்று சிரிக்காதீர்கள். ஞாயிறு காலை கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கம் நின்றால் பெங்களூர் வண்டிகள் என்னென்ன போகிறது என்று தெரியும், அவற்றில் சில நாளை உங்கள் யார்டுக்குத்தான் வரும். போர்ஷேவின் பாக்ஸ்டர் மாடலில் 2008 வரை வந்த இன்ஜினில் நடுத்தண்டு பேரிங் என்று ஒன்று உண்டு, உலகம் முழுக்க அதற்குக் கெட்ட பெயர். அது உடைந்தால் இன்ஜினே போகலாம். 2006-லிருந்து பெரிய பேரிங் போட்டார்கள், தொல்லை குறைந்தது, ஆனால் அதை மாற்ற இன்ஜினையே பிளக்க வேண்டும். 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. ஆக 2008-ல் செய்து 2009-ல் பதிவான பாக்ஸ்டரை "2009" என்று விற்றால், வாங்குகிறவன் எந்தப் பயத்தைத் தவிர்க்க அந்த வருடத்தைக் கேட்டானோ அதையே காசு கொடுத்து வாங்கிப் போகிறான். பின்விளக்கு எல்.இ.டி.யா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், ஆனால் விளக்கையும் மாற்றி வைக்க ஆள் இருக்கிறார்கள், எனவே ஆர்.சி.யோடு சேர்த்துப் பார்ப்பதுதான் நல்லது. 2009-ல் பதிவான வண்டிக்கு 2024-லேயே 15 வருடம் முடிந்துவிட்டது. பதிவைப் புதுப்பித்தாயிற்றா என்பதையும் விலை சொல்லும் முன் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆர்.சி.யிலேயே உற்பத்தி மாதமும் வருடமும் அச்சாகி இருக்கிறது, பதிவுத் தேதியும் இருக்கிறது. இரண்டையும் போனிலேயே சொல்லுங்கள், கூடவே எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ். நீங்கள் சொல்லாவிட்டாலும் வண்டி சொல்லிவிடும் அண்ணா. கண்ணாடி ஓரத்தில் வருடக் குறி இருக்கிறது, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தேதிச் சீட்டு இருக்கிறது, டயரில் 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நான்கு கண்ணாடியில் மூன்று 2014, ஒன்று மட்டும் 2018 என்றால் அந்தப் பக்கம் டிங்கரிங் நடந்ததா என்று நாங்கள் கேட்கத்தான் செய்வோம். அதேபோல் சென்னை நம்பர் வண்டி 2015 டிசம்பருக்கு முந்தியது என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று கேட்போம், கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்போம். முகம் சுளிக்காதீர்கள்.

கே.ஏ. வண்டி என்றால் அங்கே ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) கையில் இருக்கிறதா, தமிழ்நாட்டு வரி யார் கட்டுவது என்பதையும் விலையோடு சேர்த்தே பேசிவிடலாம். "அப்படியே ஓட்டுங்க தம்பி, யார் பிடிக்கப் போறாங்க" என்பதெல்லாம் வேண்டாம், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம்பர் மாற்ற வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

நான் தேடுவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு செய்த போலோ 1.0 டி.எஸ்.ஐ. மேனுவல், அல்லது பெல்ட் மாற்றிய பில்லோடு ஓர் அபார்த், எந்த வருடமானாலும் சரி. டர்போ இல்லாத 1.0 போலோவுக்கும் ஆர்.சி.யில் 999 சி.சி.தான் வரும், அதை யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நல்ல வண்டி வந்தால் முதலில் ஆர்.சி. போட்டோவை அனுப்புங்கள், கார் போட்டோ அப்புறம் அனுப்பினால் போதும்.