முட்டையைப் புரட்டாதே

அன்பு மகளுக்கு,

உன் லெபர்ட் கெக்கோப் பல்லி இரையைத் தொடாமல் கூண்டின் மூலையைத் தோண்டிக்கொண்டே இருப்பதாக எழுதியிருந்தாய். அது முட்டையிடும் காலம் நெருங்கிவிட்டதன் அறிகுறி. ஈரப் பாசி நிரப்பிய மூடி போட்ட டப்பா ஒன்றில் நுழைவதற்குத் துளையிட்டு, இன்றே உள்ளே வைத்துவிடு. ஈரமான இடம் கிடைக்காவிட்டால் அது காய்ந்த தரையிலேயே முட்டையிட்டுவிடும்; தோல்போல மென்மையான ஓடுடைய அந்த முட்டைகள் விரைவிலேயே ஈரம் இழந்து சுருங்கிவிடும்.

பெரும்பாலும் ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டைகள் இருக்கும். பாசியை விரலால் மெல்ல விலக்கி, முட்டை கிடக்கும் நிலையிலேயே அதன் மேற்புறத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்த பிறகே கையில் எடு. கோழி முட்டையை அடைக்காலத்தில் புரட்டிவிட வேண்டும். இதைப் புரட்டவே கூடாது. இட்ட ஓரிரு நாளிலேயே கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், பின்னர் புரண்டால் அது இறந்துபோகக்கூடும்.

வெர்மிகுலைட் என்னும் ஈரம் தாங்கும் கனிமத் துகளில் சம எடை தண்ணீர் கலந்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் டப்பாவில் பரப்பி, முட்டைகளைப் புள்ளி மேலே தெரியும்படி பாதியளவு புதைத்து இன்குபேட்டரில் வை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை இந்த இனத்தில் வெப்பநிலையே தீர்மானிக்கிறது: 26 டிகிரி செல்சியஸ் அளவில் பெரும்பாலும் பெண், 32 முதல் 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண். வளர்ந்த ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக்கொள்ளும் என்பதால், 28 டிகிரியில் வைப்பதே நல்லது என்பேன். அந்தச் சூட்டில் பொரிக்க ஏறத்தாழ 50 முதல் 60 நாள் ஆகும்.

ஒரு வாரம் கழித்து, இருட்டில், முட்டையைத் தூக்காமல் பக்கவாட்டில் சிறு டார்ச்சைப் பிடித்துப் பார். கருவுற்றிருந்தால் இளஞ்சிவப்பு ஒளியில் மெல்லிய இரத்த நாளங்கள் தெரியும், அந்தக் காட்சியை நீ மறக்கமாட்டாய். மஞ்சளாகத் தெரிந்தாலும் அவசரப்பட்டு எறிந்துவிடாதே. பூஞ்சை படர்ந்து குழிந்து நாறினால் மட்டும் அப்புறப்படுத்து. பொரிக்கும் தறுவாயில் நல்ல முட்டையும் சற்றுக் குழியும், மேலே நீர்த்துளிகள் அரும்பும். அப்போது ஓட்டைக் கீறி உதவ வேண்டாம். குஞ்சு தானே கிழித்துக்கொண்டு வரட்டும். முதல் தோலை உரிக்கும்வரை சில நாள் அது இரை எடுக்காது, கவலைப்படாதே.

இதற்கிடையில் தாயை மறந்துவிடாதே. ஒவ்வோர் ஈடும் அதன் உடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிவிடும்; பூச்சிகளில் கால்சியம் பொடி தூவிக் கொடு. வால் மெலிந்திருந்தால், அடுத்த ஈட்டுக்கு ஆணுடன் சேர்க்காதே.

அன்புடன்,
அப்பா